சுடுதண்ணி டிரைவரும் தொரை வெச்ச பொட்டியும்

மேட்டூர் டேம் தொறந்த மறு வருசமுங்க. எங்க வெண்ணந்தூர்ல அப்ப ஒரே ஒரு காரு. அதை ஓட்டுனவரு சுடுதண்ணி. பெத்தவங்க வெச்ச பேரு ஆருக்கும் தெரியாது. ஒலகத்துல அவரு திட்டாதது சூரியன் ஒண்ணுதான். அதுவும் அண்ணாந்தா கண்ணு கூசும்னு உட்டுட்டாரு.

காரு நூல்கடை மொதலாளியுது. ஏற்காட்டுத் தொரை ஒருத்தர் சீமைக்குப் போறப்ப வித்துட்டுப் போனது. மலைக் குளுருக்குன்னு அந்தத் தொரை, முன் சீட்டுல கால் வெக்கிற எடத்துக்கு மேல ஒரு பொட்டி வெச்சிருந்தாரு. இஞ்சின்ல கொதிக்கிற தண்ணி ரெண்டு ரப்பர் கொழாய் வழியா அதுக்குள்ள போய்ட்டு வரும். காலு கதகதன்னு இருக்கும். ஏற்காட்டுக்குச் சரிங்க. சித்திரை வெயில்ல வெண்ணந்தூருக்கு எதுக்குங்க காருக்குள்ள அடுப்பு? அதுவும் ஒழுகற அடுப்பு. கொதிக்கக் கொதிக்க, சொட்டுச் சொட்டா, ஓட்டறவரு கால்மேல.

"இதைக் கழட்டிப் போட்டறலாமுங்க"ன்னாரு சுடுதண்ணி.

"தொரை வெச்சதுடா! கை வெச்சீன்னா உன்ற வேலை போச்சு"ன்னாரு மொதலாளி.

அவரு பின்னால உக்காந்து வெத்தலை போடற ஆளு. வெந்தது அவரு காலா? இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

நாங்க நெசவுக்காரங்க. தெருவுல பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கிட்டு இருந்தோம். சுடுதண்ணி வந்து கஞ்சியத் தொட்டுப் பாத்தாரு. "நூலையே ஒட்ட வெக்குது, ஓட்டைய அடைக்காதா?"

"வேண்டாமுங்கண்ணா."

"நீ உன்ற பாவைப் பாரு!" ஒரு சொம்பு மொண்டு, இஞ்சினுக்குத் தண்ணி ஊத்தற வாயில ஊத்திட்டாரு.

அன்னைக்குன்னு பாத்து ராசிபுரத்துல ஒரு கல்யாணம். நாலு பேரு பாக்கோணும்னு மொதலாளி முன்னால உக்காந்தாரு. பாதி வழியில பொட்டி இன்னும் பொத்துக்கிச்சு. சலவை வேட்டியெல்லாம் சுடு கஞ்சி! காஞ்ச பொறவு வேட்டி மொறமாட்டம் வெறைச்சுக்கிச்சு. பந்தியில உக்கார முடியாம நின்னுக்கிட்டே சாப்பிட்டாரு. அப்பவும் பொட்டியக் கழட்ட உடலீங்க, அந்த மனுசன்!

அப்பறம் என்ற சம்சாரத்துக்குத் தலைப்பிரசவம். ரெண்டு நாளா வலி. "சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு, இல்லீன்னா ரெண்டு உசுரும் தங்காது"ன்னுட்டா மருத்துவச்சி. மொதலாளி ஊர்ல இல்லை. சுடுதண்ணி ஆரையும் கேக்கலை. காரைக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தி, "ஏத்துடா!"ன்னாரு. வழி பூரா எனக்குத்தான் திட்டு. "வண்டி வேணும்னு இப்பத்தான் தெரிஞ்சுதா? மாசக்கணக்கா என்னடா பண்ணுனே?"

மல்லூர்கிட்ட, ஊத்துன தண்ணியெல்லாம் பொட்டி வழியா ஒழுகிப்போயி, இஞ்சின் பொகைஞ்சு நின்னுபோச்சு. பின் சீட்டுல அவ சீலைத் தலைப்பக் கடிச்சுக்கிட்டு கெடக்கறா. சுடுதண்ணி ரோட்டோரத்து ஊட்டுக்குள்ள பூந்துட்டாரு. அங்க ஒரு பொம்பளை அடுப்பு ஊதிக்கிட்டு இருந்துச்சு.

"தாயி, ஊதாங்குழலைக் குடு!"

"அடுப்ப எப்புடிங்க ஊதறது?"

"ரெண்டு உசுரு ரோட்டுல கெடக்குது! அணைஞ்சா நானே வந்து ஊதறேன், குடு!"

அருவாளும் அங்கயே வாங்கிட்டு வந்து, பொட்டிக்குப் போற கொழாய் ரெண்டையும் வெட்டிப்போட்டாரு.

"உங்க வேலை போயிருமுங்களேண்ணா"ன்னேன்.

"போகட்டும்! தொரை பொட்டிக்கு உன்ற பொண்டாட்டியக் காவு குடுக்கறியா? புடிடா அந்தப் பக்கம்!"

வெட்டுன கொழாய் ரெண்டையும் ஊதாங்குழலோட ரெண்டு முனையிலயும் மாட்டி, தலைத்துண்டைக் கிழிச்சு இறுக்கிக் கட்டுனாரு. இனி ஊத்தற தண்ணி பொட்டிக்குப் போகாம அப்படியே இஞ்சினுக்குத் திரும்பிரும். கொதிச்ச கொழாயப் புடிச்சதுல ரெண்டு கையும் வெந்துபோச்சு அவருக்கு. பொட்டியப் பேத்தெடுத்துப் பள்ளத்துல எத்தி உட்டுட்டு, கிணத்துத் தண்ணிய ஊத்தி வண்டிய எடுத்தாரு. சொட்டு ஒழுகலை.

பொட்டப்புள்ளை பொறந்துச்சு. தாயும் புள்ளையும் தப்பிச்சாங்க.

மறுநாளே மொதலாளி வேலையப் புடுங்கிட்டாரு. வேட்டில கஞ்சி கொட்டுனதைப் பொறுத்தவரு, ஒரு ஓட்டைப் பொட்டி போனதைப் பொறுக்கலை. தூ!

வேலை போன மனுசன் என்ன பண்ணுனாருங்கறீங்க? மல்லூருக்கு நடந்தே போயி, அந்தம்மாளுக்குப் புது ஊதாங்குழல் குடுத்து, சொன்ன சொல்லுக்கு அடுப்பையும் ஊதிட்டு, "வெறகு ஈரம், ஒரு வெவரமும் தெரியாதா?"ன்னு திட்டிட்டும் வந்தாராம்.

அப்பறம் மேச்சேரிப் பக்கம் லாரி ஓட்டப் போனாருன்னாங்க. அந்தப் பக்கம் அவரு வம்சத்துல ஆராச்சும் இருந்தா ஒரு வார்த்தை சொல்லீருங்க சாமி: அன்னைக்குப் பொறந்த புள்ளை நல்லாயிருக்கா, கோவம் மட்டும் அவருகிட்ட இருந்து வந்துருக்குதுன்னு.