பை மாமியின் தையல் விட்ட கதை

கற்பிட்டியில் ஒரு வீட்டில் மௌத்து விழப்போகிறது என்றால் டொக்டருக்குத் தெரியுமுன் பை மாமிக்குத் தெரிந்துவிடும். சும்மா சொல்லவில்லை. "இனி வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பப்பட்ட எத்தனையோ பேர், வாசலில் வந்திறங்கும்போது எதிரே மாமி நிற்பதைக் கண்டுதான் தங்கள் நிலைமையை விளங்கிக்கொண்டார்கள். அஸ்தஃபிருல்லாஹ், ஒரு கிழவர் அவரைக் கண்ட கோபத்திலேயே பிழைத்தெழுந்து இன்னும் மூன்று நோன்புப் பெருநாள் கண்டார்.

மாமி பழந்துணியில் பை தைப்பவர். புதுத்துணியைக் கையாலும் தொட மாட்டார். "இப்பத்தத் துணியா? ரெண்டு கழுவலுக்கு முன்னுக்கே மௌத்தாகிரும்" என்பார். நாற்பது ஐம்பது வருஷத்துச் சீத்தை, நைலெக்ஸ் புடவை, ஆம்பிளைகள் இடுப்பில் உடுக்கும் பத்திக் சாரன், பெருநாளுக்கு மட்டும் தொங்கவிட்ட திரைச்சீலை, இவைதான் அவருக்கு வேண்டும். அவை கிடப்பது வயதானவர்களின் அலுமாரியில். எங்கள் பக்கத்தில் ஒருவர் மௌத்தானால் அவருடைய உடுபுடவையை வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள், யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஆகவே அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் மாமி கேட்டடியில் நிற்பார். கறுப்பு அபாயா, அதன் பொக்கட்டுக்குள் ஒரு முழக் கத்தரிக்கோல். ஸலாம் சொல்லுவார், அந்த மையத்துக்கு எவ்வளவு அழவேண்டுமோ அவ்வளவு அழுவார், மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்பார்:

"வீட்டுல பழைய துணி ஏதும் இரிக்கா, புள்ள?"

இந்தக் கேள்விக்கு ஊரே பயம். எனக்கு டெங்கு வந்து கிடந்தபோது மாமி செவ்விளநீரோடு வந்தார். கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்தார். என் நாடியைப் பிடித்துப் பார்க்கவில்லை. அலுமாரிக் கதவில் தொங்கிய என் மெரூன் நிறப் பட்டுப் புடவையைப் பிடித்துப் பார்த்தார். அது என் உம்மாவின் கல்யாணப் புடவை.

"பழைய சாமான். இப்பிடி நெசவு இனி வராது. ஒனக்குச் சுகமாகிரும்தானே, மகள்?"

"ஓம் மாமி, பிளேட்லெட் கூடிட்டாம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மாமி. அந்தப் பெருமூச்சைக் கேட்டால் பிளேட்லெட் குறைந்தது அவருக்குத்தான் என்று நினைப்பீர்கள்.

ஒரு வீட்டுத் துணியில் நாலைந்து பை தைத்தால் ஒன்று அந்த வீட்டுக்கே திரும்பி வரும். மிச்சம், கடலில் பட்டம் கட்டி ஓட வரும் வெள்ளைக்காரர்களுக்குப் போகும். இதனால் ஒரு முறை பெரிய கரைச்சல். குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்யும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார். முன்னால் போன ஒரு நெட்டை வெள்ளைக்காரனின் தோளில் தன் வாப்பாவின் பச்சைக்கட்டம் போட்ட சாரன் தொங்கக் கண்டார். "வாப்பா! வாப்பா!" என்று கத்திக்கொண்டு விரட்டியிருக்கிறார். கள்ளன் என்று நினைத்து அவன் ஹோட்டலுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டான். அடுத்த நாள் தோட்டக்காரர் மாமியோடு சண்டைக்கு வந்தார். மாமி ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே கேட்டார்:

"உன்ட வாப்பா உசிரோட இரிக்கக்குள்ள புத்தளத்துக்கு அங்கால போனாரா?"

"இல்ல."

"இப்ப ஜேர்மனிக்குப் போறாரு. சந்தோசப்படு."

அவர் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

மாமிக்கு இந்த விசர் பிடித்த கதையை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்லுவார், கேட்கிற நாங்கள்தான் சிரிக்க மாட்டோம். தொண்ணூறில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரில் இருந்து துரத்தப்பட்டு, வள்ளத்தில் எங்கள் கரையில் வந்திறங்கியவர்களில் அவரும் ஒருவர். அப்போது கல்யாணமாகாத குமர். "கையில ஒரே ஒரு ஷொப்பிங் பேக், புள்ள. தண்ணிக்குள்ள காலை வெச்சன், அடி கிழிஞ்சு போச்சு. உம்மாட புடவ, வாப்பாட தொப்பி, எல்லாம் கடலோட. கரைக்கு வந்து பாக்கன், பேக்குட காது மட்டும் கையில இரிக்கு. அண்டைக்கு நெனச்சன், இனி என்ட பை கிழியாது."

கிழியவும் இல்லை. அடியில் மூன்று வரி தையல், மூலைக்கு மூலை குறுக்குத் தையல். ஒரு நாள் யாரோ சந்தேகப்பட்டதற்காகப் பக்கத்து வீட்டு ஆட்டைப் பையில் போட்டு முருங்கையில் தொங்கவிட்டார். முருங்கைக் கொப்பு முறிந்தது, ஆடு விழுந்து நொண்டியது, பக்கத்து வீட்டாள் ஒரு மாதம் பேசவில்லை. தையல் விடவில்லை. "என்ட தையல் விட்ட அண்டைக்கு இந்தக் கத்தரிக்கோலக் கடல்ல எறியிறன்" என்று சந்தை நடுவில் நின்று சொன்னவர் அவர்.

என் ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளையான என் மச்சான் எங்கள் வீட்டோடு இருந்து கடலுக்குப் போகிறவர். அவரிடம் ஒரு பத்திக் சாரன் இருந்தது. ஊதாவில் மஞ்சள் பூ. அவருடைய வாப்பா உடுத்து, பிறகு இவர் உடுத்தது. ஜும்மாவுக்கு மட்டும் எடுப்பார். பள்ளிக்குப் போகும் வழியில் மாமி மறிப்பார்.

"மருமகன், பாத்து நடங்க. முள்ளுக் கம்பியில கிழிச்சிராதீங்க."

"நான் மௌத்தானா ஒங்களுக்குத்தான் மாமி, யோசிக்காதீங்க."

"வாயக் கழுவுங்க" என்பார் மாமி. ஆனால் கண் சாரனை விட்டு எடுபடாது. மச்சான் வேண்டுமென்றே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டுப் போவார்.

போன வருஷம் கச்சான் காற்றுத் தொடங்கிய நேரம் மச்சானும் இன்னொருவரும் போன வள்ளம் கவிழ்ந்தது. மற்றவரின் மையத்து கரை ஒதுங்கியது. மச்சான் வரவில்லை. நேவி தேடியது, ஊர் வள்ளங்களெல்லாம் தேடின. ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் மாமி எங்கள் றோட்டால் வந்தார். மற்றவரின் வீடு எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. யன்னலுக்குப் பின்னால் நானும் உம்மாவும் மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றோம். மாமி எங்கள் கேட்டைத் திறந்தால் மச்சான் மௌத்து, அவ்வளவுதான். அல்லாஹ்வே, கேட்டடியில் ஒரு கணம் நின்றார். பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு விறுவிறு என்று நடந்தார். உம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். அதற்குப் பிறகு மாதக்கணக்காக மாமி எங்கள் வாசலுக்கு வரவே இல்லை. அந்த மனிசியின் மேல் எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது அப்போதுதான்.

ஊர் மட்டும் வராமலிருக்குமா? மௌத்தானவர்களுக்கு ஓதும் கத்தத்தை ஓதச் சொன்னார்கள், ராத்தாவைக் கைம்பெண்கள் இருக்கும் இத்தாவில் உட்காரச் சொன்னார்கள். கனமூலையில் இருந்து ஒரு சொந்தக்காரி மரக்கறி வண்டியில் ஏறி வந்து புத்தி சொன்னாள். ராத்தா எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னாள்: "மையத்தக் காட்டுங்க. உக்காருறன்." ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்தச் சாரனைக் கழுவி, மடித்து, கட்டிலில் எடுத்து வைத்தாள். சோறும் போட்டு மூடி வைத்தாள். எங்களுக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஒரு நாள் ராத்தா சாரனைக் கையில் எடுத்துக்கொண்டு மாமியின் வீட்டுக்குக் கிளம்பினாள். நானும் பின்னால் ஓடினேன்.

"மாமி, இதப் பையாத் தைச்சுத் தாங்க. அலுமாரியில கெடக்கிறதப் பாத்தாத் தாங்க ஏலாம இரிக்கு. கையில கொண்டு திரியிறன்."

எத்தனை வருஷமாக மாமி ஆசைப்பட்ட துணி! மடியில் விரித்தார். பூவைத் தடவினார். கத்தரிக்கோலை எடுத்தார். பிறகு அதைக் கீழே வைத்தார்.

"வெட்ட மாட்டன்."

"ஒங்களுக்குத்தான் எண்டு அவங்க சொன்னாங்கதானே?"

"மௌத்தானா எனக்கு எண்டு சொன்னாரு. மௌத்து எண்டு ஆரு சொன்ன? நீ சொன்னியா?"



மாமி சாரனை வெட்டாமலே அடியைச் சேர்த்துப் பிடித்து, ஒற்றை நூலில், நீள நீளமாக ஓட்டுத்தையல் போட்டார். மேலே இரண்டு முடிச்சுப் போட்டார். அதுதான் காது. பார்க்க முழுப் பைதான். ஒரு நூல் நுனியைத் தொங்கவிட்டிருந்தார்.

"இத இழுத்தாப் போதும், திரும்ப சாரன். வந்தாருண்டா உடுக்கிறதுக்கு வேணும்தானே? பாரம் வெக்காத."

ராத்தா அதைத் தோளில் போட்டுக்கொண்டு, பல மாதங்களுக்குப் பிறகு சந்தைக்குப் போனாள், தையல் வகுப்புக்குப் போனாள். ஒற்றை நூல் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அடிக்கடி கழலும். மாமி திரும்ப அதே ஒற்றை நூலில் ஓட்டிக் கொடுப்பார். மூன்று வரி தைக்கிற கை அது. பழக்கத்தில் இரண்டாம் வரிக்கு நூலை எடுத்து, திரும்பக் கீழே வைப்பதை நான் கண்டிருக்கிறேன்.

பிறகு அது நடந்தது. சந்தை நிறைய ஆட்கள், நானும் ராத்தாவோடு போயிருந்தேன். ராத்தா மறதியில் சின்ன வெங்காயத்தை நிறையப் போட்டுவிட்டாள். பையின் அடி வாயைத் திறந்தது. வெங்காயம் சந்தை முழுக்க உருண்டது. மாமியும் அங்கேதான், கருவாட்டுக் கடையில் கட்டாப் பாரைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கருவாட்டுக்காரர் கண்டுவிட்டார்.

"மாமிட பை தையல் விட்டுட்டு! அடேய், ஓடி வாங்கடா, மாமிட தையல் விட்டுட்டு!"

"எங்க மாமி கத்தரிக்கோல்? வாங்க, கடலுக்குப் போவம்!"

"பாவம் அந்த ஆடு, சும்மா நொண்டினது!"

சந்தையே சிரித்தது. ராத்தா வெங்காயத்துக்கு நடுவில் நின்றாள். காரணத்தைச் சொன்னால், மாப்பிள்ளை வருவார் என்று பையில் நூல் நுனி விட்டுத் திரியும் விசரி என்று அவள் பெயர் ஊரெல்லாம் போகும். மாமி ராத்தாவைப் பார்த்தார். கருவாட்டுக்காரரைப் பார்த்தார். வழக்கமாக அவர் வாயைத் திறந்தால் கருவாடே இன்னொரு முறை காய்ந்துவிடும். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஓம், என்ட தையல்தான். வயசு போச்சு. கண்ணு தெரியுதில்ல."

குனிந்து வெங்காயம் பொறுக்கினார். மன்னாரையே இழந்து வந்து சிரித்துக் கதை சொன்ன மனிசி, எங்கள் ராத்தாவுக்காகச் சந்தையில் மானத்தையும் விட்டுக்கொடுத்தார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

ராத்தா வீட்டுக்கு வரவில்லை. என்னையும் கூட்டிக்கொண்டு நேரே மாமியின் வீட்டுக்குப் போய், பாயில் உட்கார்ந்து, தொங்கிய நூல் நுனியைத் தானே பிடித்து இழுத்தாள். பை திரும்பவும் சாரனாகியது. அதைக் கொஞ்ச நேரம் முகத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, வெட்டுங்க. மூணு வரி போட்டுத் தைங்க."

"யோசிச்சுத்தான் சொல்றியா, மகள்?"

"ஓம். அவங்க வர மாட்டாங்க."

கத்தரிக்கோல் அந்தத் துணிக்குள் போன சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. வெட்டி முடிக்கும்வரை மாமியும் அழுதார், ராத்தாவும் அழுதாள். மாமி அளந்து அழவில்லை.

மூன்றாம் நாள் பின்னேரம் எங்கள் கேட் கிறீச்சிட்டது. கறுப்பு அபாயாவில் மாமி நின்றார். கையில் ஊதாப் பை, மஞ்சள் பூ. ஸலாம் சொன்னார். பிறகு, எங்கள் வீட்டில் யாருமே கேட்க விரும்பாமல் மாதக்கணக்காகப் பயந்து கிடந்த அந்தக் கேள்வியை, மெதுவாகக் கேட்டார். உம்மா ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தாள். ராத்தா உள்ளே போய் மச்சானின் சேர்ட்டுகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பையில் ராத்தா இப்போது ஐந்து கிலோ அரிசி கொண்டு வருகிறாள், தையல் விடவில்லை. சந்தையில் மட்டும் மாமிக்கு இன்னும் பகிடி ஓயவில்லை. அவரும் காரணத்தை யாருக்கும் சொல்லவில்லை. அதனால்தான் ராத்தாவிடம் கேட்டுவிட்டு நான் எழுதிவிட்டேன், கருவாட்டுக்காரர் இதை வாசிக்கட்டும்.

மாமிக்கு அல்லாஹ் நீண்ட ஆயுசைக் கொடுக்க வேண்டும். எனக்கு முன்னால் அவர் போய்விடக் கூடாது. என் அலுமாரியில் அந்த மெரூன் புடவை இருக்கிறது, அதை வேறு எவள் கையாலும் நான் வெட்ட விடமாட்டேன்.