பழைய பெட்டிக்குப் போன புது வேலை

கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்கும் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்காது. கேட்பதுபோல் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்யும். (எங்கள் வீட்டில் இன்னொருவரும் அப்படித்தான். பெயர் எழுத மாட்டேன், படிப்பார்.)

தொண்ணூறுகளின் கடைசி. மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைல்ஸ் கடை மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் ஐந்து பேர், ஒரு மின்விசிறி. ஒரு ஜவுளிக்கடைக்குத் தீபாவளிக்குள் பில் போடும் புரோகிராம் எழுதித் தர வேண்டும். "இது நல்லபடியா முடியட்டும் விமலா, உன்னை வேலையில கன்ஃபர்ம் பண்ணிடறேன்" என்றார் முதலாளி. அவரை சார் என்போம். நானோ கன்ஃபர்ம் ஆகிவிட்டதாகவே எங்கள் ஊர் பம்மல் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

நாங்கள் எழுதுவதையெல்லாம் பின்னறையில் இருந்த பொதுக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிச் சேர்த்துவைப்போம். அதைப் பெட்டி என்போம். யார் எதை மாற்றினார்கள் என்று அது நினைவு வைத்துக்கொள்ளும். சார் கீழ்த்தளத்தில் ஏ.சி. அறை பிடித்து, புதுப் பெட்டி வைத்து, மாடிக்குக் கேபிள் இழுத்தார். பழையதில் இருந்ததை எல்லாம் அதில் காப்பி எடுத்தாயிற்று. பழையதை அணைக்காமல் பின்னறையிலேயே விட்டுவைத்தோம். இனி அங்கேதான் அனுப்ப வேண்டும். எல்லா மெஷினிலும் புது விலாசத்தைப் போடும் பொறுப்பு எனக்கு.

போட்டேன். எங்கே அனுப்புவாய் என்று மெஷினிடமே கேட்டும் பார்த்தேன். ஒவ்வொரு மெஷினும் புது விலாசத்தைத்தான் திரையில் காட்டியது.

"செக் பண்ணிட்டியாம்மா?"

"ஆச்சு சார். எல்லாம் புதுப் பெட்டிக்குத்தான் போகுது."

கொஞ்ச நாளில் ஆயுத பூஜை வந்தது. ஒட்டடை அடித்தோம், கீபோர்டு துடைத்தோம். அதோடு சும்மா இருக்க வேண்டியதுதானே? "டிஸ்க்கையும் சுத்தம் பண்ணிடலாம்" என்று யோசனை சொன்ன மகராசி நான்தான். எல்லோரும் வேலையைப் பெட்டிக்கு அனுப்பினார்கள். பிறகு ஒவ்வொருவர் மெஷினிலும் உட்கார்ந்து, வேலை செய்த ஃபோல்டரை என் கையாலேயே அழித்தேன். விஜயதசமியன்று புதுப் பெட்டியிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்ளலாம் அல்லவா, எவ்வளவு மங்களகரம்! பழைய பெட்டிக்குப் பொட்டு வைத்து மாலை போட்டு, சாரின் மச்சான் ஊரப்பாக்கத்துக்குத் தூக்கிப்போனார். விஜயதசமியன்று அங்கே அவர் கம்ப்யூட்டர் சென்டர் திறப்பதாக இருந்தது.

விஜயதசமி காலையில் புதுப் பெட்டியிலிருந்து எடுத்தால், பெட்டி மாற்றிய நாளன்று இருந்த சரக்குதான் வருகிறது. அதற்குப் பின் ஐந்து பேர் செய்த வேலை எதுவும் இல்லை.

மேனுவலைப் புரட்டினேன். ஒவ்வொரு ஃபோல்டரும், தான் எந்தப் பெட்டியிலிருந்து வந்ததோ அதன் விலாசத்தைத் தனக்குள் ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளுமாம். அதைத்தான் மதிக்குமாம். நான் போட்டது, இனிமேல் எடுக்கும் ஃபோல்டருக்கு மட்டுமாம். அதாவது, நான் கேட்டபோது நான் போட்ட விலாசத்தையே எனக்குப் படித்துக் காட்டிவிட்டு, வேலையை எல்லாம் பழைய இடத்துக்கே அனுப்பியிருக்கிறது. இது என்ன நியாயம்? ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்?

"மச்சான் அதை ஃபார்மட் பண்ணி, எல்லாத்தையும் அழிச்சிட்டுத்தாம்மா பூஜையே ஆரம்பிப்பான்" என்றார் சார். சென்டருக்கு இன்னும் போன் கனெக்‌ஷன் வரவில்லை.

ஓடினேன். ரயில் பிடித்து ஊரப்பாக்கம் போய்ச் சேர்ந்தால், வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே உறவுக்காரக் கூட்டம். மச்சான் கையில் ஃபார்மட் பண்ணும் ஃப்ளாப்பி.

"அண்ணா, அதைத் தொடாதீங்க!"

"நல்ல நேரம் போவுதும்மா. அதுல ஒண்ணும் இல்லன்னு மாமா சொன்னாரே?"

"எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு!"

என்னைப் பைத்தியம் என்று முடிவுகட்டிவிட்டு அவர் ஃப்ளாப்பியைச் செருகினார். நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். அவசரத்தில் பிடுங்கியது மொத்த சென்டருக்குமான பிளக். சீரியல் லைட், மைக் செட், ஃபேன் எல்லாம் அடங்கின. கற்பூரத் தட்டோடு நின்ற அவருடைய அம்மா, "மொத நாளே வெளக்க அணைச்சிட்டாளே, இவ யாருடி!" என்று போட்ட சத்தத்துக்கு மைக் தேவைப்படவில்லை. மன்னிப்புக் கேட்கவெல்லாம் நேரமில்லை. பெட்டியை மாலையோடு வாரிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடிவந்தேன்.

ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பெரியவர், "இன்னாமா, சாமியா? எங்க வெக்கப் போறே?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றைக்கு எனக்கும் அதுதான் சாமி.

எல்லாம் உள்ளே பத்திரமாக இருந்தது. ஜவுளிக்கடைக்குப் புரோகிராம் போய்ச் சேர்ந்தது. சார் என்னை கன்ஃபர்மும் செய்தார். ஆனால் எல்லோரையும் நிற்கவைத்து, "இனிமே விமலா அனுப்பிட்டேன்னு சொன்னா, எங்கேன்னு கேக்காம விடாதீங்க" என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சு எப்படியோ என் வீடு வரை வந்துவிட்டது. இன்றும் நான் எதையாவது "அனுப்பிட்டேன்" என்றால் போதும், வீடே சேர்ந்து "எங்கே?" என்கிறது.

போன மாதம் பெங்களூரில் இருக்கும் மகளுக்கு முறுக்கு அனுப்பினேன். "எங்கே?" என்று போனில் சிரித்தாள். அவளைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் கூரியர் ரசீதைப் பார்த்தேன். போன் நம்பரைத் தட்டியதும் கடைக் கம்ப்யூட்டரில் அவள் காலிசெய்துவிட்டுப் போன ஹாஸ்டல் விலாசம் தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் சொன்ன புது விலாசத்துக்கும் அது நன்றாகத் தலையாட்டியது, நானே பார்த்தேன்.