கான்கார்டில் நான் நின்ற வரிசை

பிரிஸ்டல்,
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

அன்புள்ள தம்பி ஹூபர்ட்டுக்கு,

உன் அண்ணன் செட்ரிக் எழுதிக்கொள்வது. இங்கே நானும் முரியலும், என் இடது முட்டியைத் தவிர, சௌக்கியம். அங்கே இன்வெர்னெஸில் நீயும் உன் நாயும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை. அங்கேயும் மழைதான் என்று பேப்பரில் பார்த்தேன். மழை விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வருகிறேன். வருகிற வியாழக்கிழமைக்குள் நீ உன் காலை உடைத்துக்கொள்ள வேண்டும்.

நிஜமாக உடைத்துக்கொள்ள வேண்டாம். புதன்கிழமை சாயங்காலம் முரியலுக்கு ஃபோன் போட்டு, ஏணியிலிருந்து விழுந்துவிட்டேன், அண்ணன் உடனே ரயில் ஏறி வந்தால்தான் ஆயிற்று என்று சொன்னால் போதும். குரலில் கொஞ்சம் வலி இருக்கட்டும். எண்பது வயதை எட்டப்போகிற மனிதனுக்கு இது என்ன புத்தி என்று நீ கேட்பாய். சொல்கிறேன். முப்பது வருடமாக ஒரு ஈ காக்காய்க்குக்கூடச் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன், படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

எங்கள் கல்யாண வெள்ளி விழாவுக்கு முரியல் கான்கார்டு விமானத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போனாளே, ஞாபகம் இருக்கும். இருக்காமல் எப்படிப் போகும், கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கேட்டிருக்கிறாயே. நியூயார்க் போகிற வசதியெல்லாம் நமக்கேது. இது லண்டனில் ஏற்றிக்கொண்டு, கடல் மேல் ஒரு சுற்றுச் சுற்றி, லண்டனிலேயே இறக்கிவிடுகிற பயணம். மொத்தம் ஒன்றரை மணி நேரம். அதில் ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போவது ஒரு பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காக அவள் ஆறு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்து, எனக்குத் தெரியாமல் சேர்த்து வைத்திருக்கிறாள். ஆறு குளிர்காலமும் ஒரே கோட்டு. நான்கூடக் கேட்டேன், ஏன் புதுசு வாங்கவில்லை என்று. இதுவே கதகதப்பாகத்தான் இருக்கிறது என்றாள். அப்புறம் ஒரு நாள் காலையில் என் தட்டில் ரொட்டிக்கு அடியில் இரண்டு டிக்கெட்.

விமானம் கிளம்பிக் கடலுக்கு மேலே வந்ததும், விருப்பமுள்ளவர்கள் வரிசையாக வந்து விமானி அறையைப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். "போ செட்ரிக், அந்த முள்ளு, மீட்டரெல்லாம் உனக்குத்தான் பிடிக்கும். நான் ஜன்னலைப் பாத்துக்கறேன்," என்று முரியல் என்னை எழுப்பிவிட்டாள். நான் போய் வரிசையில் நின்றேன். அந்த விமானத்தின் உட்புறம் நம் பஸ்ஸைவிடக் குறுகல், ஒரே நடைபாதை, ஒரே வரிசை. அந்த வரிசை முன்னால் போய் இரண்டாகப் பிரிகிறது, ஒன்று விமானி அறைக்கு, ஒன்று கழிப்பறைக்கு என்பதை யாராவது பலகையில் எழுதிப் போட்டிருக்க வேண்டாமா? பத்து நிமிடம் பொறுமையாக நின்று, என் முறை வந்தபோது பார்த்தால் நான் கழிப்பறைக் கதவுக்கு நேரே நிற்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் ஹூபர்ட், பத்து நிமிடம் வரிசையில் நின்றுவிட்டு, முறை வந்ததும் "வேண்டாம்" என்று விலகிப் போகிறவனைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? எனக்குப் பின்னால் இறகு வைத்த தொப்பியோடு ஒரு அம்மாள். "நீங்க போங்க," என்றேன். "சேச்சே, நீங்கதானே முன்னாடி வந்தீங்க," என்றாள். "பரவாயில்ல, எனக்கொண்ணும் அவசரமில்ல." "எனக்கும் இல்ல, உங்க முறைதான்." அதற்குள் அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் "ஆமா சார், உங்க முறைதான்," என்று ஆதரவு தெரிவித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன்.

போனவன் உடனே வெளியே வர முடியுமா? அது இன்னும் அசிங்கம். ஒரு மரியாதையான நேரம் உள்ளே இருந்தாக வேண்டும். கையைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன். மீசையைச் சரி செய்தேன். அப்போதுதான் வெளியே எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு கணம் எனக்காகத்தான் தட்டுகிறார்களோ என்று பயந்துபோனேன். அது நாங்கள் இரண்டு மடங்கு வேகத்தைத் தொட்டதற்கு. மனிதன் பீரங்கிக் குண்டைவிட வேகமாகப் பறக்கிறான், நான் ஒரு சோப்புக் கட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கழிப்பறையில் ஜன்னலும் இல்லை. வெளியே வந்து, இந்த முறை சரியான வரிசையில், கடைசி ஆளாக நின்றேன். நான் போய்ச் சேரும்போது ஒரு பணிப்பெண், மன்னிக்கணும் சார், இறங்க ஆரம்பிச்சாச்சு, உக்காந்துக்கோங்க என்று சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிட்டாள்.

திரும்பி வந்தால் முரியல் முகமெல்லாம் சிவந்து, "பாத்தியா?" என்று கேட்டாள். ஆறு வருட உருளைக்கிழங்கு என் கண் முன்னால் வந்து நின்றது. "பாத்தேன்," என்றேன். "எப்படி இருந்துச்சு?" என்றாள். "நிறைய முள்," என்றேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய். தண்ணீர் வாரியத்தில் நாற்பது வருடம் மீட்டர் பார்த்தவன் நான், ஒரு எண்ணை மாற்றி எழுதியவன் இல்லை. மற்றதையெல்லாம் அவள்தான் வளர்த்தாள். வருடத்துக்கு வருடம் அந்த விமானி அறையில் எனக்கு வசதி கூடிக்கொண்டே போயிற்று. முதலில் வாசலில் நின்று எட்டிப்பார்த்தேன், பிறகு விமானியோடு கை குலுக்கினேன், போன வருடம் உன் பிறந்தநாளில் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளோ ஜன்னலில் பூமி வளைந்து தெரிந்ததையும், பட்டப்பகலில் வானம் கருநீலமாக இருந்ததையும் சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் கேக்கை வாயில் வைக்க மறந்துவிடுவார்கள். நான் மென்று விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படியே செத்துப்போயிருக்கலாம். ஆனால் ஊருக்கு வடக்கே, ஓய்வுபெற்ற கான்கார்டு ஒன்றை ஒரு பெரிய கொட்டகைக்குள் நிறுத்தி வைத்திருக்கிறார்களே, அங்கே பழைய பயணிகளின் நினைவுகளைப் பதிவு செய்கிறார்களாம். முரியல் எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டாள். போன வாரம் அறிமுகக் கூட்டம் என்று போனோம். தேநீர், பிஸ்கட், இருபது கிழங்கள். ஒரு அம்மாள் பறந்த வருடம் மறந்துவிட்டாள், அன்றைக்குப் போட்ட சாப்பாடு மட்டும் அத்தனையும் நினைவிருந்தது, ஒவ்வொரு அயிட்டமாகச் சொல்லி முடிக்க முக்கால் மணி. இன்னொருவர் லண்டனில் கிளம்பின நேரத்துக்கு முன்னாலேயே நியூயார்க் கடிகாரப்படி போய் இறங்கிவிட்டாராம், மிச்சமான அந்த ஒரு மணி நேரத்துக்கும் முதலாளி வேலை கொடுத்துவிட்டார் என்று இன்றுவரை ஆறவில்லை. மூன்று பேர் ஒரே நாளில் ஒரே விமானத்தில் தாங்கள்தான் முதல் இருக்கையில் இருந்ததாகச் சொன்னார்கள், யாரும் யாரையும் மறுக்கவில்லை, "ஓ, அப்படியா, ரொம்ப சுவாரஸ்யம்," என்று ஒருவருக்கொருவர் பிஸ்கட் நீட்டிக்கொண்டார்கள்.

பதிவு செய்கிற பெண் பெயர் ஃபிலிப்பா. நல்ல பெண், ஆனால் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறாள். முரியல் அவளிடம் "எங்க செட்ரிக் அந்த நேரத்துல காக்பிட்டுக்குள்ளயே இருந்தாரு," என்று ஆரம்பித்ததும், பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு உயரமான கிழவர் திரும்பினார். "எந்தப் பயணம்?" என்று கேட்டார். முரியல் தேதியைச் சொன்னாள். "அட, அன்னிக்கு காக்பிட்டுல எஞ்சினியர் சீட்டுல இருந்தது நான்தான். உள்ள வந்த ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார். பெயர் பெங்கெல்லி. எனக்கு உள்ளங்கால் வரை வேர்த்துவிட்டது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். முரியல் எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"ஆமா ஆமா," என்றார் பெங்கெல்லி. "மறக்க முடியுமா? எரிபொருளைப் பத்தி ஒரு கேள்வி கேட்டீங்களே, கெட்டிக்காரக் கேள்வி."

இதற்கு என்ன சொல்வது? மனிதர் என்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறாரா, வயதாகிக் குழம்பிவிட்டாரா, தெரியவில்லை. புதிதாக அறிமுகமானவரைப் பொய்யர் என்று சொல்வது எப்படி? "உங்களுக்கு நல்ல ஞாபக சக்தி," என்று சொல்லிவைத்தேன். அதுதான் நான் செய்த தப்பு. ஃபிலிப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு என்னையும் பெங்கெல்லியையும் அந்த விமானி அறைக்குள்ளேயே உட்கார வைத்து, எதிர் எதிராகப் பேச வைத்துப் பதிவு செய்யப்போகிறாளாம். என் கேள்வியைப் பெரிய எழுத்தில் பலகையில் அச்சடித்து, என் பெயரோடு வாசலில் வைப்பார்களாம். என்ன கேள்வி கேட்டேன் என்பதே எனக்குத் தெரியாது, தம்பி. முரியலோ என் சாம்பல் நிறச் சூட்டைச் சலவைக்குப் போட்டுவிட்டாள், தினமும் காலையில் "கேள்வியைச் சொல்லிப் பாரு செட்ரிக், திக்காம வரணும்," என்கிறாள். நாற்பது வருடம் நேர்மையாக இருந்ததற்கு இதுவா கைம்மாறு?

எனக்கு அந்தப் பலகை பயமில்லை. பெங்கெல்லியும் பயமில்லை. அந்த இடத்தில், அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது என் நாக்கு குழறினால், அவள் ஆறு வருடம் சேர்த்துக் கொடுத்ததை நான் ஒரு கழிப்பறையில் கழித்தேன் என்பது அவளுக்குத் தெரிந்துபோகும். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. ஆகவே புதன்கிழமை, ஏணி, இடது கால். வலது என்று மாற்றிச் சொல்லிவிடாதே, நான் இடது என்று மனதில் வைத்திருக்கிறேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஈரத்தில் நாயோடு சுற்றாதே, சுற்றினால் கழுத்துக்குக் கம்பளி போட்டுக்கொள். நீ நூறு வருஷம் நன்றாக இரு, அந்த ஏணிப் பக்கம் மட்டும் போகாதே. முரியல் அன்பு சொல்லச் சொன்னாள், இந்தக் கடிதம் எழுதுவது அவளுக்குத் தெரியாது, என்றாலும் சொல்லச் சொல்லியிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
செட்ரிக் டாப்ஸ்காட்

பி.கு: திங்கட்கிழமை காலை. மேலே எழுதியது எதையும் செய்யாதே. ஸ்டாம்ப் இல்லை என்று முரியலிடம் கேட்கப் போனேன். யாருக்குக் கடிதம், என்ன விஷயம் என்றாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இன்னொரு பொய் வாயில் வரவில்லை.

"முரியல், அன்னிக்கு நான் காக்பிட்டுக்குப் போகவே இல்ல," என்றேன்.

"தெரியும்," என்றாள், தேநீரைக் கலக்கிக்கொண்டே. "நாலாவது வரிசைல உக்காந்திருந்தேன் செட்ரிக். அந்தக் கதவு எனக்கு நேர் எதிர்ல. நீயும் அந்தத் தொப்பிக்காரம்மாவும் நீங்க போங்க, நீங்க போங்கன்னு நின்னதெல்லாம் பாத்தேன்."

"கூப்பிட்டிருக்கலாமே."

"நூறு பேர் நடுவுலயா? கழிப்பறை வாசல்ல நிக்கிற மனுஷனைப் பேர் சொல்லியா கூப்பிடுவாங்க?"

"அப்புறம் ஏன் முப்பது வருஷமா ஊரெல்லாம் சொன்ன?"

"பாத்தேன்னு நீதானே சொன்ன. நாலு பேர் முன்னாடி உன்னை விட்டுக்கொடுக்கச் சொல்றியா?"

சரி, நீயாவது ஜன்னலில் கண்ணாரப் பார்த்தாயே, அது போதும் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் எங்க பாத்தேன்? இதோ வந்துடுவே, இதோ வந்துடுவேன்னு அந்தக் கதவைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து பாக்கலாம்னு. கை தட்டினாங்க, அப்பவும் நீ வரல."

அப்படியானால் அந்தக் கருநீல வானம், வளைந்த பூமி எல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். டிக்கெட்டோடு ஒரு சின்னப் புத்தகம் அனுப்பியிருந்தார்களாம், அதில் நான்காம் பக்கம். தேநீர் ஆறிப்போகும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம்.

வியாழக்கிழமை போகிறோம். எல்லாவற்றையும் மிக நன்றாகப் பார்த்ததாகச் சொல்லப்போகிறோம், இத்தனை வருடத்துக்குப் பிறகு பெங்கெல்லியைச் சங்கடப்படுத்துவது அழகல்ல. அந்தப் புத்தகத்தை முரியல் பரணிலிருந்து எடுத்துவிட்டாள், நான் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். பதிவு முடிந்ததும் நாலாவது வரிசையில் பத்து நிமிடம் உட்கார விடுவார்களா என்று ஃபிலிப்பாவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டாள். தாராளமாக உட்காரலாம், ஆனால் ஜன்னலில் கொட்டகைச் சுவர் மட்டும்தான் தெரியும் என்று அந்தப் பெண் சொன்னாளாம். பரவாயில்லை, இந்தத் தடவை அதையாவது சேர்ந்து பார்க்கிறோம் என்று முரியல் சொல்லிவிட்டாள்.