சிவப்பு றிபன் கட்டின பெட்டி

மேசையில் பச்சை றிபன் கட்டிய பெட்டி இருந்தது. இருக்கக் கூடாது. அது இந்நேரம் கல்முனைக்குடியில், ஸைனுலாப்தீன் வீட்டு மேசையில் இருந்திருக்க வேண்டும்.

நேசராசா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சாரத்து நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பச்சைதான். அப்படியானால் காலையில் அவர் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்து, கூட்டாளியோடு தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தது சிவப்பு றிபன் பெட்டி.

"போச்சு," என்றார் நேசராசா, ஆளில்லாத வீட்டில்.

அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். தன் காலத்தில் ஒரு கடிதம்கூட விலாசம் மாறிப் போனதில்லை என்பதைக் கேட்டவர்களுக்குச் சொல்வார், கேட்காதவர்களுக்கு இன்னும் விரிவாகச் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின வாரம் ஒரு கேக்கை மாற்றிக் கொடுத்துவிட்டு நின்றார்.

வெறும் கேக் என்றால் பரவாயில்லை. அவருடைய மனைவி எலிசா ஒவ்வொரு நத்தாருக்கும் இரண்டு றிச் கேக் போடுவாள். ரவையை வறுத்து பட்டரில் பிசைந்து, கஜுவும் முந்திரிகை வற்றலும் பேரீச்சம்பழமும் பொடியாக அரிந்து, கறுவாவும் சாதிக்காயும் இடித்துச் சேர்த்து அவள் அவணில் வைத்தால் ஒழுங்கை முழுக்க மணக்கும். அந்தக் கேக்கைப் பார்த்துப் போட்டவர்கள் ஊரில் பலர் உண்டு. அந்தப் பதம் ஒருவருக்கும் வரவில்லை. இரண்டில் ஒன்று வீட்டுக்கு, பிரண்டி அதற்குத்தான். மற்றது ஸைனுலாப்தீன் குடும்பத்துக்கு. அவர்கள் முஸ்லிம்கள், அதற்குப் பிரண்டி வாசமும் படக்கூடாது.

பிரண்டி நேசராசாவின் பொறுப்பு. வருசா வருசம் நல்ல போத்தலாகப் பார்த்து வாங்கி, கடதாசியில் சுற்றிக் கொண்டுவந்து, குசினி வாசலில் எலிசாவிடம் கொடுப்பார். அவள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துவாள். கேக் அடிக்கிற நாளில் குசினிக்குள் ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்பது அவள் சட்டம். ஒரு போத்தல் முழுவதும் ஒரு கேக்குக்குள் எப்படி இறங்குகிறது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. எலிசாவின் கைப்பக்குவம் அப்படி என்று நினைத்துக்கொண்டார்.

சிவப்பு, பச்சை றிபன் கட்டுவதும் அவர் கண்டுபிடிப்புத்தான். சிவப்பு எங்களுக்கு, பச்சை அவர்களுக்கு. தபால் கந்தோர் மூளை.

நத்தார் அன்று வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் அவர் சிவப்புப் பெட்டியைப் பிரித்து, முதல் துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். "பிரண்டி நல்லா இறங்கியிருக்கு. எல்லா நாக்குக்கும் இது பிடிபடாது," என்பார். மற்ற நாளில் அவர் குடிக்கிற ஆளில்லை. குடிவகை பற்றி அவர் அறிந்ததெல்லாம் இந்தக் கேக்கில் அறிந்ததுதான்.

இப்போது அந்த நாக்கையே சாட்சிக்குக் கூப்பிட்டார். பச்சை றிபனை அவிழ்த்து, ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக் கண்ணை மூடினார். ஒரு சொட்டும் இல்லை. சந்தேகமே வேண்டாம், பிரண்டிக் கேக் கல்முனைக்குடிக்குப் போய்விட்டது.

ஸைனுலாப்தீன் வெளியில் கண்ட இடத்தில் சாப்பிடுகிறவர் இல்லை. கடையில் பிஸ்கட் வாங்கினாலும் என்ன போட்டது, எங்கே செய்தது என்று குடைந்துவிட்டுத்தான் வாங்குவார். எலிசாவின் கேக்கை மட்டும் கேள்வியில்லாமல் வாயில் வைப்பார். "இந்த வீட்டுச் சாமானில விசாரிக்க ஒண்டுமில்ல மச்சான்," என்று அவர் ஒருமுறை சொன்னதை நேசராசா இன்றைக்கும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிகிறார். பெருநாளுக்கு அந்த வீட்டு வட்டிலப்பம் இங்கே வரும், நத்தாருக்கு இந்த வீட்டுக் கேக் அங்கே போகும். எல்லாம் அந்த ஒரு நம்பிக்கையில் ஓடுகிறது. அதை ஒரு றிபனால் அறுத்துவிட்டாரே மனிதர்.

எலிசா சேர்ச்சில் கரோல் பாட்டுப் பழக்கத்துக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்துவிடலாம், ஒருவருக்கும் தெரியவராது என்று கணக்குப் போட்டார். ஒழுங்கை முனையில் ஓட்டோ வைத்திருக்கும் தம்பிமுத்துவைக் கூப்பிட்டு ஏறிக் குந்தினார்.

என்ன ஐயா, காலையிலதானே போய் வந்தீங்க என்று தம்பிமுத்து கேட்டான். கதைக்காமல் கெதியாக விடு என்றார் இவர். மெயின் றோட்டுக் குழிகளில் ஓட்டோ ஏறி இறங்கும்போதெல்லாம் சீற்றுக்குக் கீழே ஏதோ உருண்டு முட்டியது. இருந்த பதற்றத்தில் அதற்கும் அவனை ஏசினார். ஓட்டோவைத் துப்புரவாக வைத்திருக்கத் தெரியாதா என்றார். தம்பிமுத்து கண்ணாடியில் அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டான்.

ஸைனுலாப்தீன் வீட்டில் அவர் மனைவி சித்தி லைலா கதவைத் திறந்தாள். கேக் சரியாக வேகவில்லை, எலிசா திருப்பி எடுத்துவரச் சொன்னாள் என்று நேசராசா மூச்சு வாங்கினார்.

"என்ன அண்ணன் கதைக்கிறீங்க? இந்த வருசம் மாதிரி ஒருநாளும் வாய்க்கல்ல. வாயில வெச்சாக் கரையிது. வாசமெண்டா, பெட்டியத் திறந்த உடன மூக்கில ஏறிட்டு."

வாசம் என்றதும் நேசராசா கதிரையைப் பிடித்துக்கொண்டார். ஸைனுலாப்தீன் எங்கே என்று கேட்டார்.

"ரெண்டு துண்டு சாப்பிட்டார். அந்த மனிசன் பகல்ல கண் மூடுற ஆளில்ல, இண்டைக்குப் பாருங்க."

உள்ளறையிலிருந்து குறட்டைச் சத்தம் கேட்டது. நேசராசா நெற்றியில் கை வைத்தார். மீதிக் கேக்கையாவது தா தங்கச்சி என்றார். அதை மகன் சப்ரியின் வீட்டுக்கு, அதாவது சாய்ந்தமருதில் அவன் பெண் எடுத்த வீட்டுக்கு, பெட்டியோடேயே அனுப்பிவிட்டதாக லைலா சொன்னாள். மருமகள் ஆகிலாவின் வாப்பா றமீஸுக்கு எலிசா அக்காவின் கேக் என்றால் உயிராம். றமீஸ் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருக்கிறவர்.

ஓட்டோ சாய்ந்தமருதுக்குப் பறந்தது. சீற்றுக்குக் கீழே அந்தச் சாமான் உருண்டது.

றமீஸ் மண்டபத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தார். சிரிப்பே அறியாதவர் என்று பெயரெடுத்த அந்த மனிதர் நேசராசாவைக் கண்டதும் எழும்பி வந்து கட்டிப்பிடித்துச் சிரித்தார். உங்கட மனிசிக்குத் தங்கக் காப்புப் போடவேண்டும் என்றார். அன்று அவர் தோணிக்கு நல்ல மீன்பாடு, அதனால்தான் அந்தச் சிரிப்பு. நேசராசாவுக்கு அது எங்கே தெரியும்? பிரண்டி ஏறிவிட்டது என்றுதான் அவர் நினைத்தார். வேகவில்லை என்ற கதை அங்கேயே எடுபடவில்லை, இங்கே அதைவிடப் பலமாக ஒன்று வேண்டும்.

"சாப்பிடாதீங்க," என்றார். "அதில கூழ்முட்டை விழுந்துட்டு."

றமீஸ் கையிலிருந்த துண்டை மெதுவாகத் தட்டில் வைத்தார். சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரத்தில் வயிற்றைத் தடவினார். இன்னும் கொஞ்ச நேரத்தில், உள்ளே ஏதோ புரட்டுது என்றார். ஆகிலாவுக்குத் தலை சுற்றியது. கேக்கைத் தொட்டும் பார்க்காத பக்கத்து வீட்டுக்காரி, மணந்து பார்த்ததற்கே தனக்கும் ஒருமாதிரி இருக்கிறது என்று வந்து பாயில் சாய்ந்தாள். ஆகிலாவின் உம்மா ஓமத் தண்ணி காய்ச்ச ஓடினாள். சப்ரி உடனே தன் உம்மாவுக்குப் போன் எடுத்தான். லைலா, நிம்மதியாகத் தூங்கிய கணவரை உலுக்கி எழுப்பிச் செய்தியைச் சொல்ல, ஸைனுலாப்தீனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

நேசராசா சிவப்பு றிபன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நழுவினார். சப்ரி மறித்தான். டொக்டர் கேட்டால் காட்டவேண்டும், கேக் இங்கேயே இருக்கட்டும் மாமா என்றான். தப்பி ஓடவும் வழியில்லை, வாசலில் நின்ற ஓட்டோவையும் காணவில்லை.

ஓட்டோ திரும்பி வந்தபோது அதிலிருந்து ஸைனுலாப்தீனும் லைலாவும் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் சேர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு எலிசா இறங்கினாள். எந்தக் கடை முட்டை என்று கேட்க லைலா அவளுக்குப் போன் எடுத்திருக்கிறாள். எலிசா தம்பிமுத்துவைக் கூப்பிட்டு, வழியில் அவர்களையும் ஏற்றிக்கொண்டு நேராக வந்துவிட்டாள்.

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்ட கேக்கில கூழ்முட்டை எண்டு ஆரு சொன்ன?"

வயிற்றிலிருந்து கையை எடுத்து எல்லாரும் நேசராசாவைக் காட்டினார்கள்.

"ஒவ்வொரு முட்டையையும் வேற கோப்பையில உடைச்சு, மணந்து பாத்துத்தான் ஊத்துற நான். இத்தனை வருசமா உங்கட வீடுகளுக்குக் கேக் தாறன். என்ட குசினிக்குள்ள என்ன வரும், என்ன வராதெண்டு நான் வெச்சதுதான் சட்டம். கூழ்முட்டையாம். இவர் எப்ப அங்க வந்து பாத்தவர்?"

மண்டபத்தில் இருந்தவர்கள் அவளைப் பார்த்துவிட்டு நேசராசாவைப் பார்த்தார்கள். ஊரே புகழ்கிற கேக்கைக் கட்டின புருசனே கூழ்முட்டை ஆக்கிவிட்டான் என்ற கோபத்தில் அவள் உதடு துடித்தது. அந்த உதட்டைப் பார்த்ததும் நேசராசாவால் அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை. கதிரையில் விழுந்து, றிபன் மாறின கதையை ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தார்.

"முட்டை நல்ல முட்டைதான்," என்றார் கடைசியாக. "அதில இருக்கிறது பிரண்டி. பச்சைப் பெட்டியத் திண்டு பாத்துட்டுத்தான் வந்த நான். என்ட நாக்குப் பிழைக்காது."

வயிற்றுவலி எல்லாருக்கும் ஒரேயடியாக நின்றுவிட்டது. ஓமத் தண்ணியோடு வந்த ஆகிலாவின் உம்மா அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். றமீஸ் எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஸைனுலாப்தீன்தான் முதலில் வாய் திறந்தார்.

"தெரியாமத் திண்டதுக்கு எங்கள்ல குத்தமில்ல மச்சான். நீயும் வேணுமெண்டு செய்யல்ல. அல்லாஹ் அறிவான்."

சொன்னது நல்ல வார்த்தைதான். ஆனால் சொல்லும்போது அவர் நேசராசாவின் முகத்தைப் பார்க்கவில்லை. லைலா சிவப்பு றிபனை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "இனி வாற வருசம்..." என்று தொடங்கியவள் முடிக்கவில்லை. அந்த மீதிச் சொல் வராமலே இருக்கவேண்டும் என்று நேசராசா கர்த்தரை வேண்டினார்.

எலிசா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். நரைத்த தலை குனிந்து, என் நாக்குப் பிழைக்காது என்று இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள். தன் கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்காதவள் ஏன் பேசாமல் நின்றாள் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை.

வாசல் பக்கம் யாரோ செருமினார்கள். தம்பிமுத்து. உள்ளே வரவா வேண்டாமா என்று தெரியாமல் கையிலிருந்த ஓட்டோத் திறப்பால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். வேண்டாம் என்று எலிசா கண்ணைக் காட்டியது அவனுக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ, அவன் பொறுக்கமாட்டாமல் சொன்னான்.

"கோவிக்காதீங்க ஐயா, லைலா அக்காட வீட்டுக்குக் கேக் போடுற குசினிக்குள்ள அது வரப்படாதெண்டு, அந்தப் போத்தல வருசா வருசம் எலிசா அக்கா எனக்குத்தான் தாற, இந்த வருசத்தது மூடியும் திறக்காம ஓட்டோ சீற்றுக்குக் கீழ கிடக்கு, நீங்க பின்னேரம் முழுக்க அதுக்கு மேலதான் குந்தியிருந்த."