வழுக்குகிறது, மறு ஆய்வு தேவை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்து செய்த மகத்தான காரியம், அந்தப் பள்ளிக்கூடத்தில் ‘கற்றலும் களிப்பும் சுற்றுலாத் திட்டக் குழு’வை அமைத்ததுதான். நடுவில் சக்கரம் என்று ஒன்றையும் கண்டுபிடித்தார்கள். அதுவும் இந்தக் குழு ஊர் சுற்றுவதற்காகத்தான்.

குழுவில் மூன்று பேர்: தலைமையாசிரியர், விளையாட்டு மாஸ்டர், அறிவியல் டீச்சர். டீச்சர் வலியப் போய்ச் சேர்ந்தவர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த வருடம் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். அதற்குள் ஒரு நாளாவது வெளியே கூட்டிப்போவதாக அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

“பிள்ளைங்கள சும்மா எங்கயும் கூட்டிட்டுப் போயிட முடியாது. கற்றல் இருக்கா, களிப்பு இருக்கா, ஆபத்து இருக்கான்னு முதல்ல நாம போய்ப் பாக்கணும்” என்றார் தலைமையாசிரியர்.

“எப்படி சார் பாக்கறது?”

“நாமளே பிள்ளைங்களா மாறிடணும், டீச்சர்.”

மாறினார்கள். முதலில் ஏரி. விளையாட்டு மாஸ்டர் படகை ஆட்டி ஆட்டி ‘ஆபத்தை’ அளந்தார். தலைமையாசிரியர் மூன்று ஐஸ்கிரீம் சாப்பிட்டு ‘சுகாதாரத்தை’ உறுதி செய்தார். அறிக்கை தயாரானது: “களிப்பு மிகுதி. கற்றல் போதாது. நிராகரிக்கப்படுகிறது.”

அடுத்த வாரம் அருங்காட்சியகம். வாசலில் வண்டி நின்றது, யாரும் இறங்கவில்லை. “கற்றல் மிகுதி. களிப்பு போதாது” என்று உட்கார்ந்த இடத்திலேயே எழுதி முடித்து, வண்டியை நேரே நீர்ச்சறுக்குப் பூங்காவுக்கு விட்டார்கள்.

அங்கே டீச்சருக்கு மனசாட்சி உறுத்தியது.

“சார், நல்ல இடமா இருக்கே. பிள்ளைங்கள இங்கயே கூட்டிட்டு வந்துடலாமே?”

“நீங்க சறுக்கிப் பாத்தீங்களா?”

“இல்ல சார்.”

“அப்புறம் எந்த தைரியத்துல சிபாரிசு பண்றீங்க?”

நியாயம்தானே? பிள்ளைகளின் நலனுக்காக டீச்சர் உயிரைப் பணயம் வைத்துச் சறுக்கினார். வீல் என்று அலறிக்கொண்டு தண்ணீரில் விழுந்தார். ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவுக்கு வருவது அறிவியல் ஆகாது என்பதால், இன்னும் பதினொரு முறை சறுக்கினார். அன்றைய அறிக்கையை அவரே எழுதினார்: “வழுக்குகிறது. மறு ஆய்வு தேவை.”

மறு ஆய்வு ஐந்து முறை நடந்தது. அதற்குள் கல்வியாண்டு முடியும் நேரம் வந்துவிட்டது.

அதற்காகப் பிள்ளைகளை ஏமாற்ற முடியுமா? கடைசி வாரம் அவர்களைக் கூடத்தில் வரிசையாக உட்காரவைத்து, ஏழு பயணங்களின் படங்களையும் திரையில் காட்டினார்கள். தலைமையாசிரியர் ஐஸ்கிரீம் சாப்பிட்டார். டீச்சர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சறுக்கினார். பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். தலைமையாசிரியர் அதை ‘ஒழுக்கம்’ என்று மெச்சினார். டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு பிள்ளையின் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

‘சுற்றுலா இனிதே நிறைவேறியது’ என்று பதிவேட்டில் ஏறியது. கற்றல் விட்டுப்போகக் கூடாதல்லவா? பிள்ளைகளுக்கு ஒரு கேள்வியும் கொடுக்கப்பட்டது: ‘இச்சுற்றுலாவில் நீ கற்றுக்கொண்டது என்ன?’

டீச்சர் தாள்களைத் திருத்த உட்கார்ந்தார். முதல் தாள், முன் பெஞ்சுச் சிறுமியுடையது. குண்டு குண்டான எழுத்தில் ஒரே வரி எழுதியிருந்தாள்:

“பெரியவளானதும் எப்படியாவது குழுவில் சேர்ந்துவிட வேண்டும்.”