ஓம் அக்கா, செப்புத்தான்!

பதற்றம் வந்தால் எனக்கு ஆங்கிலம் போய்விடும். அதில் பட்டமே வாங்கியிருந்தாலும் போய்விடும்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். மத்திய லண்டனில் ஓர் ஏலக்கூடம். பழைய ஆயுதப் பிரிவில் உதவியாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. குழாய் வேலை செய்யும் அப்பா, தன் வான் வண்டியில் லூயிஷாமிலிருந்து கொண்டுவந்து இறக்கினார். (பின்னால் கிடந்த குழாய்கள் வழியெல்லாம் மேளம் அடித்தன.)

"எல்லாம் படிச்சிட்டியோ?"

"ஓம் அப்பா."

படித்தது ஜப்பானியக் குறுவாளின் அலகை மட்டும். கைப்பிடிக்குள் இத்தனை உறுப்புகள் இருக்கும் என்று யார் கண்டது?

தேர்வாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கைப்பிடியில் இருந்த மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, குறுவாளைக் கழற்றி மேசையில் பரப்பினார். கைக்கும் அலகுக்கும் நடுவே காவல் நிற்கும் இரும்புத் தட்டைக் காட்டி, "த்சுபா" என்றார்.

எனக்குக் கேட்டது சுபா. என் அக்காவின் பெயர். அந்தக் கணமே காது தமிழுக்கு மாறிவிட்டது.

அடுத்து, தட்டை ஒட்டி வரும் மெல்லிய வளையம் ஒன்றைத் தூக்கி, "செப்பா" என்றார்.

வளையம் செம்பு நிறத்தில் மின்னியது. தமிழில் கேட்கிறாரே என்ற பூரிப்பில் கத்தினேன்: "ஓம் அக்கா, செப்புத்தான்!"

அவர் விழித்த விழிப்பில்தான், அது அந்த வளையத்தின் ஜப்பானியப் பெயர் என்பது உறைத்தது.

"சரி, திரும்பப் பூட்டுங்கள்."

பூட்டி நீட்டினேன். தட்டு கிலுகிலுப்பை போல ஆடியது.

"ஏன் ஆடுகிறது?"

"வயதாகிவிட்டது, மேடம்."

வியர்த்த என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த செப்பாவை அவர்தான் உரித்தெடுத்தார்.

வேலை போய்விட்டது, இனி ஒளிக்க என்ன? செப்பு என்றால் என்ன, சுபா என்றால் யார், எல்லாவற்றையும் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார்.

"அது செம்புதான். அதற்கு என்ன வேலை?"

குழாய் வேலைக்காரரின் மகன் இதற்கா படிக்க வேண்டும்? "வாஷர் வேலை. இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் தட்டு ஆடாது."

"திங்கட்கிழமை வாருங்கள்."

வான் வண்டியில் திரும்பும்போது கதையைக் கேட்டு அப்பா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்ப எங்கட சுபாவுக்கும் ஒரு செப்பா பாக்க வேணும்!"

அடுத்த ஆண்டு அக்காவுக்குக் கல்யாணம். வீட்டில் அத்தானுக்குப் பெயர் செப்பா. அக்கா கோபத்தில் ஆட்டம் போடும்போதெல்லாம் அத்தானிடமிருந்து எனக்குத்தான் போன் வரும்:

"தம்பி, ஒரு பக்கம் நான் பிடிச்சிட்டன். மற்றப் பக்கத்துக்கு நீர் கெதியா வாரும்!"