இரண்டு ரேடியோக்களும் ஒரு ஜோடிக் காதும்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அத்தானும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். வீட்டில் ஒரே ஒரு ரேடியோ இருந்தால் சௌக்கியத்துக்கு என்ன குறை? இங்கே இரண்டு இருக்கின்றன.

இவர் ஓய்வு பெற்றதும் ஒரு டிஜிட்டல் ரேடியோ வாங்கி வந்து, குமிழைத் திருகிக் கேட்கிற எங்கள் பழைய ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தார். வைத்ததோடு விட்டாரா? எதில் ஒலி சுத்தம் என்று தினமும் பரீட்சை. எழுதுவது நான். அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார வேண்டும், கண்ணைத் துண்டால் கட்டிவிடுவார், இரண்டிலும் ஒரே நிலையத்தை வைத்து மாற்றி மாற்றிப் போடுவார். "இப்பப் பாடுறது எது, சொல்லு." பழையதில் எண்ணெய் காய்கிற மாதிரி மெல்லிய இரைச்சல் உண்டு, ஆனால் பாடுகிறவள் நம் கூடத்திலேயே உட்கார்ந்திருப்பாள். புதியதில் இரைச்சலே இல்லை, ஆனால் குரல் இஸ்திரி போட்டது போலத் தட்டையாக இருக்கும், சிக்னல் குறைந்தால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலாகி, பிறகு நின்றேவிடும். காதில் விழுந்ததைச் சொன்னேன். "ஒனக்குக் கேக்கத் தெரியல" என்றார். கேள்வி கேட்டது இவர், பாட்டுக் கேட்டது நான், கேட்கத் தெரியாததும் நான்!

போன வாரம் மாடி வீட்டு வாத்தியாரை உட்கார வைத்து, புதியதைப் பாடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பிரசங்கம். நடுவில் சிக்னல் போய் ரேடியோ ஊமையாகிவிட்டது. இவர் நிறுத்தவில்லை. "பாத்தீங்களா சார், ஒரு பொட்டு இரைச்சல் உண்டா?" வாத்தியார் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். "பாட்டே வரலைங்க" என்றேன். "நீதான் எதையாவது அமுக்கியிருப்ப" என்று வாத்தியார் எதிரிலேயே இவர் கத்தினார்.

இதைக் கேட்ட மகள் பயந்துபோய் இவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனாள். நானும் போனேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது அக்கா, காத்திருந்தபோது எனக்கு ஒரு நப்பாசை. கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதுவும் இவர் மண்டையில் ஏறாததற்குக் காது மந்தம்தான் காரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டால், பாவம் மனுஷன் என்று எல்லாவற்றையும் மறந்துவிடலாமே. டாக்டர் பார்த்துவிட்டு, வயசாகிவிட்டதால் கீச்சென்ற ஒலிகள் மட்டும் கேட்காது, ரேடியோ இரைச்சலும் அதில் சேர்த்தி என்றார். இரண்டு ரேடியோவும் இவருக்கு ஒன்றுதானாம்!

"எம் பேச்சு கேக்குமா டாக்டர்?"

"உங்க பேச்சா? தாராளமா கேக்கும்மா. எப்பவும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கும்."

அவ்வளவுதான். மனசு விட்டுப்போச்சு. வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். இந்த வீட்டுக்குத் திரும்புகிற எண்ணம் இல்லை. பின்னறையைப் பெருக்கி வை. அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆயிரம் முத்தம்.

மாறாத பிரியத்துடன்,
உன் தங்கை

பி.கு.: உறையை ஒட்டுமுன், இவருக்கும் கேட்கட்டும் என்று எதிரில் நின்று இதை உரக்கப் படித்தேன். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, "கொரல் நல்லாத் தெளிவா இருக்கு. கொஞ்சம் இழுவை" என்றார். பாழாய்ப்போன சிரிப்பு வந்துவிட்டது அக்கா. சிரித்துத் தொலைத்த பிறகு எந்த முகத்தோடு பெட்டியைத் தூக்குவது? வெள்ளிக்கிழமை வரவில்லை. அறையைப் பெருக்க வேண்டாம்.